வாசகர் கேள்வி – பதில்: வள்ளத்தில் போய் சிங்கிக் கூடு போட

கச்சான் காற்று அடங்கிக் குமரிக் கடல் அமரத் தொடங்கியதும் சிங்கி இறால் பற்றிய கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. விற்பனைக்காக இல்லாமல், ஓய்வு நாளில் சிறு வள்ளத்தில் போய் வீட்டுத் தேவைக்கு நாலைந்து கூடு (இரை வைத்து இறால் பிடிக்கும் பொறி) போட நினைப்பவர்கள் கேட்டவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி (குளச்சல் வாசகர்): 20 அடி ஃபைபர் வள்ளமும் 9.9 குதிரைத்திறன் எஞ்சினும் இருக்கின்றன. பனைநார்க் கூடு பின்ன இப்போது ஆள் கிடைப்பதில்லை. கம்பிக் கூடு செய்யலாம் என்று இருக்கிறேன். அளவு சொல்லுங்கள். உள்ளே போன இறால் திரும்ப வெளியே வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: பனை மட்டை நாரில் பின்னிய கூடு எடை குறைந்தது, பாறையில் மோதினாலும் வளைந்து கொடுக்கும். ஆனால் ஒரு சீசனைத் தாண்டுவது அரிது. கம்பிக் கூடு பல ஆண்டு நிற்கும். அப்படி நிற்பதே அதன் ஆபத்தும் கூட. அதைக் கீழே சொல்கிறோம்.

சட்டத்துக்கு 10 மி.மீ. கம்பி போதும். 75 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம் என்று வைத்தால் பன்னிரண்டு விளிம்புக்கும் சேர்த்து 6.4 மீட்டர் கம்பி, ஏறக்குறைய 4 கிலோ. இதைவிடப் பெரிதாகச் செய்தால் 20 அடி வள்ளத்தில் ஒருவர் தனியாகத் தூக்கி உள்ளே வைக்க முடியாது. வெல்டிங் வைத்த இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். கசடைத் தட்டி, தேய்த்து, துருத்தடுப்புப் பெயின்ட் இரண்டு பூச்சு அடியுங்கள். அதன் மேல் பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலக் கீற்றாக வெட்டிக் கம்பி முழுக்க இறுக்கிச் சுற்றினால் பாறை உரசலில் பெயின்ட் போகாது, கண்ணிக் கயிறும் அறுபடாது.

சுவர்களுக்கு 2 மி.மீ. பாலிஎத்திலீன் நூலில், முடிச்சுக்கு முடிச்சு 40 மி.மீ. கண்ணி. அடித்தளத்துக்கு மட்டும் அந்த வலை வேண்டாம். இறாலின் கால் கண்ணி வழியாகக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். கூட்டை வள்ளத்தின் விளிம்பில் இழுத்து ஏற்றும்போது கால் முறியும். அடிக்கு 25 மி.மீ. கட்டமுள்ள கெட்டியான பிளாஸ்டிக் வலையோ, நெருக்கமாக ஆணியடித்த மரச் சட்டமோ போடுங்கள்.

உங்கள் கேள்வியின் உயிர்நாடி வாயில்தான் இருக்கிறது. குறுகிய பக்கம் ஒன்றில் மட்டும் வாய் வையுங்கள். வெளியே 30 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம், உள்ளே போகப் போகக் குறுகி, 20 முதல் 22 செ.மீ. ஆழத்தில் ஒரு வளையத்தில் முடிய வேண்டும். 160 மி.மீ. பி.வி.சி. குழாயில் 4 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்தால் அதுவே நல்ல வளையம். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். வளையம் அடித்தளத்திலிருந்து 12 செ.மீ.க்குக் குறையாமல் மேலே தொங்க வேண்டும். தரையோடு தரையாக இருந்தால் சுவரோரம் நடந்து வரும் இறால் அதே வழியில் வெளியேறிவிடும். இன்னொன்று, வாய் வலை தொய்வில்லாமல் மத்தளத் தோல் போல இறுகியிருக்க வேண்டும். சிங்கியின் கொம்பும் தலை முட்களும் தொய்ந்த வலையில் மாட்டினால் அது பாதியிலேயே பின்வாங்கும். வாயில் ஏறும் பகுதியில் கொஞ்சம் தென்னம்பாளையோ சொரசொரப்பான சாக்குத் துணியோ கட்டினால் காலுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

இழுப்புக் கயிற்றை வாய் இருக்கும் பக்கத்திலேயே கட்டுங்கள். அப்போதுதான் தூக்கும்போது வாய் மேல்நோக்கி நிற்கும், இறால் எதிர்ப்பக்க மூலையில் போய் விழும். பலர் இதை மாற்றிக் கட்டிவிட்டு, ‘நீர்மட்டம் வரை இருந்தது, கையில் வரும்போது இல்லை’ என்று எழுதுகிறார்கள்.

இனி, விட்டுவிடக் கூடாத இரண்டு. முதலாவது, குட்டிகள் தப்பும் இடுக்கு. வாய்க்கு எதிர்ப்பக்கச் சுவரில், தரையை ஒட்டி, 28 செ.மீ. நீளம், 45 மி.மீ. உயரத்தில் கெட்டியான சட்டம் வைத்து ஒரு திறப்பு விடுங்கள். 45 மி.மீ. என்பது தொடக்க அளவு. 200 கிராம் எடையுள்ள இறால் ஒன்றை அதில் நுழைத்துப் பாருங்கள். அது போகக் கூடாது, அதைவிடச் சிறியது போக வேண்டும். தேவைப்பட்டால் இரண்டு மி.மீ. கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, மேல் கதவை (25 × 30 செ.மீ. போதும்) நைலானால் கட்டாதீர்கள். கீல், கொக்கி இரண்டையும் சாதாரணப் பருத்திக் கயிற்றால் கட்டுங்கள். கூடு தொலைந்துபோனால் பருத்தி சில வாரங்களில் மக்கிக் கதவு திறந்துகொள்ளும். நைலானாக இருந்தால் உள்ளே மாட்டிய இறால் செத்து, அதுவே இரையாகி அடுத்ததை இழுத்து, யாருக்கும் பயனில்லாமல் ஆண்டுக்கணக்கில் அந்தக் கூடு கொன்றுகொண்டே கிடக்கும். பருத்திக் கயிறு பத்து ரூபாய் சமாச்சாரம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவது ஒரு வேலையே இல்லை.

கேள்வி (முட்டம் வாசகர்): கூட்டுக்கு எவ்வளவு கல் கட்டுவது? ஆறு கிலோ கான்கிரீட் வைத்தும் கூடு நகர்ந்து போகிறது.

பதில்: கான்கிரீட் தண்ணீருக்குள் தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிடும். நீங்கள் கட்டிய ஆறு கிலோ கீழே மூன்றரை கிலோதான். இரும்பு எட்டில் ஒரு பங்குதான் இழக்கும். எனவே அடிச்சட்டத்தின் இரு நீள விளிம்பிலும் கனத்த இரும்புப் பட்டைத் துண்டு வைத்துக் கட்டுங்கள். மொத்தம் 5 கிலோ இரும்பு போதும். எடை அடியில் பரவலாக இருந்தால் கூடு நிமிர்ந்து உட்காரும். ஒரே கல்லை நடுவில் தொங்கவிட்டால் அலை இழுப்பில் அது பெண்டுலம் போல ஆடிக் கூட்டைப் புரட்டும். இவ்வளவு செய்தும் நகர்ந்தால் குறை கூட்டில் இல்லை, போட்ட இடத்தில். அலை உடையும் மேட்டில் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

கேள்வி (கடியப்பட்டணம் வாசகர்): எந்த ஆழத்தில், எந்த இடத்தில் போடுவது? ஜி.பி.எஸ். இருக்கிறது, எக்கோ சவுண்டர் (ஒலியால் அடித்தரையைக் காட்டும் கருவி) இல்லை.

பதில்: நம் கரையோரப் பார்களில் (கடலடிப் பாறைத் திட்டுகளில்) கிடைப்பது பெரும்பாலும் வயிற்றுக் கட்டங்களில் குறுக்குப் பள்ளம் உள்ள கரும்பச்சைச் சிங்கி. அது ஆழம் குறைந்த, அலையோட்டமுள்ள, சிப்பி ஒட்டிய பாறைகளை விரும்பும். சிறு வள்ளத்துக்கு 4 முதல் 10 பாகம் வரை, அதாவது 7 முதல் 18 மீட்டர் போதும். அதற்கு மேல் கையால் இழுப்பது வீண் சிரமம்.

பகலில் பாறை இடுக்கில் கொம்பை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும் இந்த இறால், இருட்டியதும் இறங்கி இரை தேடி நடக்கும். ஆகவே கூடு பாரின் உச்சியில் இருக்கக் கூடாது. பாறை முடிந்து மணல் தொடங்கும் விளிம்பில், பாறையிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள் இருக்க வேண்டும். அங்கே கூடு சமமாக உட்காரும், கயிறும் சிக்காது, இறாலுக்கும் அது நடைபாதை.

எக்கோ சவுண்டர் இல்லாமல் இந்த விளிம்பைக் கண்டுபிடிக்கப் பழைய முறை ஒன்று போதும். அடியில் குழி உள்ள ஒரு கிலோ ஈயக்குண்டை எடுத்து, குழியில் கிரீஸோ பார் சோப்போ அப்பிக் கயிற்றில் இறக்குங்கள். மணல் ஒட்டி வந்தால் மணல். ஒன்றும் ஒட்டாமல் சோப்பில் வடு மட்டும் விழுந்து வந்தால் பாறை. பத்து மீட்டருக்கு ஒருமுறை இறக்கிக்கொண்டே போனால் வடு மணலாக மாறும் இடம் தெரிந்துவிடும். அதை ஜி.பி.எஸ்.ஸில் குறியுங்கள். கூடவே கரையில் இரண்டு ஜோடி அடையாளம் பார்த்து வையுங்கள். முட்டம் விளக்கு, கோயில் கோபுரம், மலை முகடு என்று முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் வருபவை இரண்டு ஜோடி இருந்தால், இரண்டு கோடும் வெட்டும் இடம் உங்கள் இடம். கணிச்சம் பார்ப்பது என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பேட்டரி தீர்ந்த நாளில் இது கைகொடுக்கும்.

கூட்டுக்குக் கூடு 20 முதல் 25 மீட்டர் இடைவெளி விடுங்கள். ஒரே கயிற்றில் வரிசையாகக் கோத்துப் போடுவது மணலில் சரி. பாரில் ஒன்று மாட்டினால் எல்லாம் போச்சு.

மழைக்காலத்தில் பொழிமுகங்களுக்குப் பக்கத்தில் போடாதீர்கள். மணக்குடியில் பழையாற்று வெள்ளமும் தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி வெள்ளமும் கடலில் கலக்கும்போது, உப்புக் குறைந்த நீர் சிங்கிக்கு ஆகாது. கலங்கல் தெளிந்து உப்பு ஏறிய பிறகு அங்கே பார்க்கலாம்.

கேள்வி (இனயம் வாசகி): என் தம்பி சாளை மீனை அப்படியே கூட்டில் கட்டிவிடுகிறான். காலையில் இரை இல்லை, இறாலும் இல்லை. எதை, எவ்வளவு வைக்க வேண்டும்?

பதில்: தம்பி வைத்த இரை நல்லதுதான், வைத்த விதம்தான் தவறு. திறந்து கிடந்த சாளையை நண்டும் சிறுமீனும் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும். சிங்கி வருவது அதற்குப் பிறகு.

சிங்கியின் இயல்பான உணவு சிப்பி. உங்கள் ஊரில் சிப்பி எடுப்பவர்களிடம் உடைந்தது, சிறியது என்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டோடு நசுக்கி, அத்துடன் சாளை அல்லது அயிலைத் தலையைச் சேர்த்து, கூட்டுக்கு 250 முதல் 300 கிராம் வையுங்கள். சிப்பி பக்கத்தில் வந்த இறாலை உள்ளே நுழையவைக்கும். மீனின் எண்ணெய் தூரத்தில் இருப்பதை அழைத்து வரும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

வைக்கும் பாத்திரத்துக்கு 75 மி.மீ. பி.வி.சி. குழாயில் 20 செ.மீ. துண்டு. சுற்றிலும் 6 மி.மீ. துளை முப்பது, இருபுறமும் மூடி. மணம் வெளியே போகும், நண்டின் கொடுக்கு உள்ளே போகாது. ஆனால் சுவைக்கக் கொஞ்சமும் இல்லை என்றால் சிங்கி சலித்துப்போகும். எனவே ஒரே ஒரு மீன் தலையைக் கம்பியில் குத்தி வெளியே கட்டுங்கள். குழாய் கூட்டின் பின்பாதியில், நடு உயரத்தில், எந்தச் சுவருக்கும் 15 செ.மீ.க்கு அருகில் வராமல் தொங்க வேண்டும். சுவரை ஒட்டியிருந்தால் வெளியே நின்றபடியே முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

புது மீன் கிடைக்காத நாளுக்கு, மீன் தலையில் கால் பங்கு கல்லுப்பு போட்டு இரண்டு நாள் வைத்த இரை உதவும். அழுகிய இரை நண்டுக்கும் சங்குக்கும்தான் விருந்து. சிங்கி அதை ஒதுக்கும்.

கேள்வி (பிள்ளைத்தோப்பு வாசகர்): பௌர்ணமி அன்று போடலாமா?

பதில்: போடலாம், குறைவாகவே வரும். நிலா வெளிச்சத்தில் சிங்கி பொந்தை விட்டு அதிகம் நகர்வதில்லை. அமாவாசையை ஒட்டிய பத்து நாள் நல்லது. சட்டை கழற்றும் பருவத்திலும் வராது: புதுத் தோடு கெட்டியாகும்வரை இரை எடுக்காமல் ஒளிந்திருக்கும்.

கேள்வி (குறும்பனை வாசகர்): பத்துக் கூட்டில் நான்கு தொலைந்தது. ஒருமுறை கயிறு புரொப்பெல்லரில் சுற்றி எஞ்சினே நின்றுவிட்டது. கயிறும் மிதப்பும் எப்படி இருக்க வேண்டும்?

பதில்: இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றே. நீங்கள் முழுவதும் பாலிபுரொப்பிலீன் கயிறு போட்டிருப்பீர்கள். அது நீரைவிட எடை குறைந்தது. தொய்வான பகுதி மேலே வந்து பாம்பு போல மிதக்கும். உங்கள் புரொப்பெல்லரோ, அடுத்தவர் புரொப்பெல்லரோ அதை வெட்டும். முழுவதும் நைலான் போட்டால் வேறு சிக்கல்: அது மூழ்கி அடியில் படிந்து, பாறையில் தேய்ந்து அறும்.

இரண்டையும் சேருங்கள். கூட்டிலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு பாலிபுரொப்பிலீன். அது பாறையைத் தொடாமல் எழுந்து நிற்கும். மேலே மூன்றில் இரண்டு பங்கு நைலான். அது மேற்பரப்பில் மிதக்காமல் தொங்கும். இரண்டும் 8 மி.மீ. கனம். அதைவிட மெல்லியது கையை அறுக்கும். மொத்த நீளம் ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு: 12 மீட்டர் ஆழத்துக்கு 18 மீட்டர். நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான் என்பதால் இந்த உபரி நீரோட்டத்துக்கும் அலை எழும்பலுக்குமே. இரண்டு மடங்கு விட்டால் கயிறு பக்கத்துக் கூட்டுக் கயிற்றோடு பின்னிக்கொள்ளும்.

மிதப்புக்குத் தெர்மோகோல் வேண்டவே வேண்டாம். நொறுங்கிக் கடலெங்கும் பரவுகிறது, மீன் அதைத் தின்கிறது. கெட்டி பிளாஸ்டிக் மிதப்பு, 3 முதல் 4 கிலோ தாங்குவது ஒன்று. அதிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு சிறு வால் மிதப்பு. இரண்டுக்கும் இடையே கொக்கிக் கம்பைப் போட்டால் கயிறு தானாக மாட்டும். மிதப்பு சிறியதாக இருந்தால் நீரோட்டம் கடுமையான நாளில் தண்ணீருக்குள் அமிழ்ந்துவிடும்; நீங்கள் தொலைந்ததாக எண்ணியவற்றில் ஒன்றிரண்டு அப்படியும் இருக்கலாம். ஓட்டம் தளர்ந்த நேரம் பார்த்து ஒருமுறை போய்த் தேடுங்கள். மிதப்பில் வள்ளத்தின் பதிவு எண்ணை அழியாத பெயின்ட்டில் எழுதுங்கள். விசைப்படகும் கரைவலையும் ஓடும் தடத்தில் போடாதீர்கள். அங்கே எவ்வளவு நல்ல கயிறும் நிற்காது.

கேள்வி (ராஜாக்கமங்கலம் துறை வாசகர்): கூட்டில் சுத்தமான காலி ஓடு மட்டும் கிடக்கிறது. யாரோ இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டை விட்டுப் போனதுபோல இருக்கிறது.

பதில்: அது பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்). இடுக்கு வழியாக உள்ளே வந்து, இறாலைப் பிடித்துத் தின்று, வந்த வழியே போய்விடும். ஓடு உடையாமல், கட்டுகள் பிரிந்து கிடந்தால் அதன் வேலைதான். கூட்டைக் கிடக்கவிடும் நேரத்தைக் குறைப்பதே மருந்து: பொழுது சாய்ந்து போட்டு, விடிந்ததும் இழுத்துவிட வேண்டும். ஒரே பாரில் தொடர்ந்து இரண்டு நாள் இப்படி நடந்தால் நூறு மீட்டர் தள்ளிப் போடுங்கள். மாறாக, ஓடு நொறுங்கிக் கண்ணி கிழிந்திருந்தால் அஞ்சாலையோ (விலாங்கு போன்ற பாறை மீன்) பெரிய கலவாய் மீனோ வந்திருக்கும்.

அஞ்சாலை உள்ளேயே இருந்தால் கையை விடாதீர்கள். அதன் கடி விரலைச் சிதைக்கும். கதவைத் திறந்து, கூட்டை வள்ளத்துக்கு வெளியே கவிழ்த்துப் பிடித்தால் தானாக நழுவிப் போகும். கெளுத்தி போன்ற நச்சு முள் மீன்கள் குத்திவிட்டால் குத்திய இடத்தைப் பொறுக்கும் அளவு வெந்நீரில், சுமார் 45 பாகை சூட்டில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள்; வலி தணியும். பிறகு மருத்துவரிடம் போங்கள். பேத்தை மீன் விழுந்தால் கடலிலேயே விட்டுவிடுங்கள், அது உணவல்ல.

இரை அப்படியே இருந்து இறாலும் இல்லையென்றால் அந்த இடத்தில் சிங்கி இல்லை. இரை முழுக்கத் தீர்ந்து இறால் இல்லையென்றால் நண்டு, அல்லது வாய் வளையம் தாழ்வாக இருக்கிறது. முதல் மூன்று நாள் நன்றாக வந்து பிறகு நின்றுபோனால் அந்தப் பாரின் பங்கை எடுத்தாகிவிட்டது. சில வாரம் விட்டுவைத்து வேறு பாருக்குப் போங்கள்.

கேள்வி (மேல்மிடாலம் வாசகர்): சினை இறாலை எப்படி அறிவது? எந்த எடைக்குக் கீழே விட வேண்டும்? நான் விட்டால் அடுத்தவர் எடுக்கப்போகிறார், அப்புறம் என்ன பயன்?

பதில்: சிங்கியைக் கவிழ்த்து வால் அடியைப் பாருங்கள். முட்டை கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். புது முட்டை நல்ல ஆரஞ்சு நிறம். பொரியும் நாள் நெருங்க நெருங்கப் பழுப்பாகும். முட்டை இல்லாவிட்டாலும் மார்பில் கால்களுக்கு இடையே சாம்பலோ கறுப்போ ஆன தார்ப்பூச்சு போன்ற திட்டு இருந்தால், அது ஆண் ஒட்டிய விந்துப் பை. சீக்கிரம் முட்டையிடப் போகிற பெண் அது. இரண்டையும் விடுங்கள். பெண்ணை அறிய இன்னொரு வழி: கடைசி ஜோடிக் காலின் நுனியில் சிறு இடுக்கி இருக்கும், ஆணுக்கு இருக்காது. முட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தாயை வைத்துக்கொள்வது மிக மோசமான செயல்.

எடைக்கு, மத்திய வணிக அமைச்சகம் 2003-இல் ஏற்றுமதிக்கு விதித்த வரம்பையே வீட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கரும்பச்சைச் சிங்கி 200 கிராம். கட்டங்களில் பள்ளமில்லாமல் வழுவழுப்பாக, காலில் பட்டை பட்டையாகக் கோடுள்ள பெரிய இனம் 500 கிராம். சேற்றுத் தரையில் கிடைக்கும், கட்டத்தின் ஓரத்தில் மெல்லிய வெளிர் கோடுள்ளது 300 கிராம். கொம்புக்குப் பதில் தட்டையான தகடு உள்ள மணல்தரை இனம் 150 கிராம். இரண்டாவதில்தான் பலர் தவறு செய்கிறார்கள்: 300 கிராமில் அது பெரிய இறாலாகத் தோன்றும், ஆனால் குட்டிதான்.

ஆடும் வள்ளத்தில் தராசு பொய் சொல்லும். கரையில் 200 கிராம் உள்ள இரண்டு மூன்றை எடுத்து, கண்ணுக்கு மேலுள்ள இரு கொம்பு முட்களுக்கு நடுவிலிருந்து தலையோட்டின் பின் விளிம்பு வரை அளந்து, அந்த நீளத்துக்கு ஒரு பி.வி.சி. துண்டை வெட்டி வள்ளத்தில் கட்டி வையுங்கள். அதைவிடக் குறைந்தால் கடலுக்கு.

அடுத்தவர் எடுப்பார் என்பது பற்றி: ஒரு தாய் ஒரு தடவைக்கு லட்சக்கணக்கில் முட்டை சுமக்கிறது. பொரிந்த குஞ்சு கண்ணாடி இலை போலப் பல மாதம் ஆழ்கடலில் மிதந்து, அதில் மிகச் சிலவே திரும்பக் கரைப் பாறைக்கு வருகின்றன. முட்டை பொரிய மூன்று நான்கு வாரம்தான். நீங்கள் விட்டதை அடுத்தவர் அடுத்த மாதம் எடுத்தாலும் அதற்குள் அந்த முட்டைகள் கடலில் இறங்கியிருக்கும். வலையில் மாட்டினால் காலும் கொம்பும் சிக்கி முறிந்துதான் வெளியே வரும். கூட்டிலிருந்து எடுத்தது முழுசாக, உயிரோடு இருக்கும். திருப்பி விட முடிகிற பிடிப்பு இது ஒன்றுதான். அந்த வசதியை வைத்துக்கொண்டு விடாமல் இருப்பதற்கு எந்தச் சமாதானமும் எங்களுக்குத் தெரியவில்லை.

விடுவதிலும் முறை உண்டு. மேலிருந்து வீசி எறிந்தால், தரை சேருமுன் மீன் கொத்திவிடும். எடுத்த பாருக்கு மேலேயே, நீர்மட்டத்தில் கை வைத்து, வால் முன்னே போகும்படி நழுவவிடுங்கள். வெயிலில் ஐந்து நிமிடம் வைத்திருந்துவிட்டு விடுவது விட்டதாகாது.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): பொழுதுபோக்குக்குக் கூடு போடச் சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ஆம் ஆண்டினுடையது. வள்ளம் மீன்வளத் துறையில் பதிவாகியிருக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது: சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இது விசைப்படகுகளுக்கானது. உங்கள் வள்ளமும் எஞ்சினும் எந்த வகையில் சேரும் என்பதை உங்கள் பகுதி மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகே இறங்குங்கள்.

சட்டத்துக்கு முன்னே ஊர் இருக்கிறது. கரையோரப் பார் ஒவ்வொன்றும் யாரோ ஒரு குடும்பத்தின் சோறு. நாகர்கோவிலிலிருந்து வருபவர் அந்த ஊர் நிர்வாகத்திடம் சொல்லி, எத்தனை கூடு, எந்தப் பார், எந்த நாள் என்று பேசிக்கொள்வதே சரி. ஐந்து கூட்டுக்கு மேல் வேண்டாம். பிடித்ததை விற்காதீர்கள். ஞாயிறு கடலுக்குப் போகாத ஊர்களில் சனிக்கிழமை காலையிலேயே எல்லாக் கூட்டையும் ஏற்றிவிடுங்கள். இரண்டு இரவு கிடந்தால் இரை தீர்ந்து, உள்ளே இருப்பது பேய்க்கணவாய்க்குப் போகும்.

கேள்வி (வாணியக்குடி வாசகர்): கூடு இழுக்கும்போது வள்ளம் ஒருபக்கம் சாய்ந்து தண்ணீர் ஏறிவிட்டது. இருவர்தான் போகிறோம்.

பதில்: இருவரும் ஒரே பக்கம் நின்றிருப்பீர்கள். இழுப்பவர் மட்டும் அந்தப் பக்கம். எஞ்சின்காரர் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிராக மெதுவாக நெருங்கி, மிதப்பு முன்பாதிக்கு நேராக வந்ததும் எஞ்சினை நியூட்ரலில் போடுங்கள். கயிறு கைக்கு வந்த பிறகு கியர் போடவே கூடாது. வள்ளம் கூட்டுக்கு நேர் மேலே வந்ததும் இழுங்கள். சாய்வாக இழுத்தால் கூடு பாறையில் மாட்டும்.

மாட்டிவிட்டால் பலம் காட்டாதீர்கள், கயிற்றை வள்ளத்தில் கட்டி எஞ்சினால் இழுக்கவும் கூடாது; வள்ளம் கவிழ்வது பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான். கயிற்றைத் தளர்த்தி, போட்ட திசைக்கு எதிர்த்திசையில் சுற்றி வந்து இழுத்துப் பாருங்கள். மூன்று முறை முயன்றும் வராவிட்டால் மிதப்போடு விட்டுவிட்டு அடுத்த நாள் வாருங்கள்.

இழுத்த கயிறு காலடியில் குவியக் கூடாது. ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடையில் விழட்டும். போடும்போது கூட்டை முதலில் இறக்கி, கயிற்றைக் கூடையிலிருந்தே ஓடவிடுங்கள். காலில் சுற்றிய கயிறு ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். எஞ்சின் பக்கத்தில் கைக்கு எட்டும்படி ஒரு கத்தி எப்போதும் செருகியிருக்க வேண்டும். நனைந்த கூடு ஒன்று 12 கிலோ வரும். விளிம்புக்கு மேலே அடுக்காதீர்கள். உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள், உட்காரும் பலகைக்கடியில் வைத்தால் உதவாது.

கேள்வி (கோவளம் வாசகர்): பிடித்த இறாலை வீடு சேரும்வரை எப்படி வைப்பது? வாளித் தண்ணீரில் போட்டால் செத்துவிடுகிறது.

பதில்: வாளித் தண்ணீரில் மூச்சுக்காற்று அரைமணியில் தீர்ந்துவிடும். நல்ல தண்ணீரிலோ உடனே சாகும். கடல்நீரில் நனைத்த சணல் சாக்கில், நிழலில், ஒன்றன்மேல் ஒன்று நசுங்காமல் வைத்து, சாக்கு காயாமல் பார்த்துக்கொண்டால் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். பருத்திக் கையுறை போட்டு முதுகோட்டைப் பிடியுங்கள். கொம்பையோ காலையோ பிடித்தால் அது கையோடு வரும், வால் வீச்சு கையையும் கிழிக்கும்.

சமைக்கும் முன் பனிக்கட்டி கலந்த உப்புநீரில் 20 நிமிடம் வைத்தால் உணர்விழந்துவிடும். வெயிலில் செத்துக் கிடந்தது இறைச்சி மாவாகிவிடும், அதை எடுக்காதீர்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்பிட்டுக் கொதிக்கும் நீரில் கால் கிலோ இறாலுக்கு 7 முதல் 8 நிமிடம். குடலை எடுக்க அதன் கொம்பிலேயே ஒரு துண்டை ஒடித்து, வால் துவாரத்தில் செருகித் திருகி இழுத்தால் முட்களில் சிக்கி முழுசாக வந்துவிடும். பிறகு தேங்காயும் குறுமிளகும் உங்கள் கைப்பக்குவம்.

கேள்வி (தூத்தூர் வாசகர்): காற்றே இல்லாத நாளில் திடீரென்று பாரின் மேல் பெரிய அலை உடைந்தது. முன்கூட்டி எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அது கள்ளக்கடல். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வெகுதொலைவில் எழும் புயல்களின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து, நம் பக்கம் காற்றும் மழையும் இல்லாத வேளையில் வந்து சேர்கிறது. சித்திரை, வைகாசியை ஒட்டி அதிகம். இரண்டு அலைகளுக்கு இடையே வழக்கத்தைவிட நீண்ட இடைவெளி, கரையில் நீர் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்குவது, ஆழம் குறைந்த பாரின் மேல் அவ்வப்போது மட்டும் ஒரு வெள்ளைக்கோடு எழுந்து மறைவது: இவை கண்ணில் பட்டால் கூட்டை மறந்துவிட்டு ஆழத்துக்குத் திருப்புங்கள். கரையை நோக்கி ஓடினால் அலை உடையும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அடங்கிய பிறகு துறைமுகம் வழியாக ஏறலாம்.

ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. முந்தின நாள் மாலையும் புறப்படும் முன்பும் பாருங்கள். கார்த்திகையில் இன்னும் கவனம் வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி நம் கடலில் எவ்வளவு விரைவாகப் புயலாக மாறியது என்பது உங்கள் ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எச்சரிக்கை வந்தால் கூட்டை எடுக்கக்கூடப் போகாதீர்கள், பருத்திக் கயிறு தன் வேலையைச் செய்யும். கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. இரண்டையும் தண்ணீர் புகாத உறையில் உள்ள போனில் பதிந்து வையுங்கள். வள்ளத்தின் உட்புறத்திலும் எழுதி வையுங்கள்.